ஞாயிற்றுக்கிழமைத் தோணி

"எல்லாம் சரிம்மா. கண்ணாடி எங்க?"

வேதமுத்து அண்ணாச்சி இப்படிக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மேஜைமேல் ஒரு மஞ்சள் பையைப் பிரித்துக் கொட்டியிருந்தோம். கோடு போட்ட சட்டை ஒன்று, வேட்டி ஒன்று, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோன கைக்கடிகாரம். இரண்டு வாரத்துக்கு முன்னால் வேம்பார் கடலில் மூழ்கிப் போனதாகச் சொல்லப்படும் டெய்லர் வீரபாண்டி கரையில் விட்டுப்போனது அவ்வளவுதான்.

"உன் வீட்டுக்காரன் சோடாப் பாட்டில் கணக்கா கண்ணாடி போட்டிருப்பாம்லா. அது இல்லாம எதுத்தாப்புல வாரது ஆளா மாடான்னு தெரியாது. அவன் எப்படிம்மா தண்ணிக்குள்ள மீனைப் பாத்துக் குத்துனான்?"

"அதுக்குன்னே அவரு ஒரு முகமூடி செஞ்சு வச்சிருந்தாரு அண்ணாச்சி. லாரி டியூப்பை வெட்டி, கண்ணாடிச் சில்லு பதிச்சு, உள்பக்கமா பழைய மூக்குக்கண்ணாடி லென்ஸை ஒட்டியிருப்பாரு. அதை மாட்டிக்கிட்டுத்தான் முங்குவாரு."

"அப்போ முங்குததுக்கு முன்னால போட்டிருக்கதைக் கழத்தணும்."

"ஆமா. கழத்தி சட்டைப் பையில வைப்பாரு."

"சட்டை இருக்கு. பை இருக்கு. கண்ணாடி இல்ல."

"பார்வை மங்குன மீன் ஏதாவது வாங்கிட்டுப் போயிருக்கும்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்தேன். என் வாய்க்கு இதுதான் கெட்ட பழக்கம், மூளையைக் கேட்காமல் முன்னால் ஓடிவிடும்.

இங்கே எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மூக்காண்டி. சங்கரன்கோவில் டாக்கீஸ் ஒன்றில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன், முதலாளியைக் கிண்டல் பண்ணி வேலை போனவன். அண்ணாச்சி முப்பத்திரண்டு வருஷம் தபால்காரர். ஒரு நாளும் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்ததில்லை. ஆனால் முகவரியின் கையெழுத்தைப் பார்த்தே உள்ளே கல்யாணமா கருமாதியா என்று சொல்லிவிடுவார். ரிட்டையர் ஆனதும் தெற்கு ரத வீதி மாடியறையில் 'வேதமுத்து – விசாரணை' என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதருக்கு, இப்போது ஒரு கார்டு போட ஆளில்லை. அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டுமென்பதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறாரோ என்று நான் நினைப்பதுண்டு.

1979, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அண்ணாச்சி சர்ச் முடிந்து வந்து கால்கூடக் கழுவவில்லை, அதற்குள் இவள் வந்துவிட்டாள்.

கதை இதுதான். வீரபாண்டிக்கு இரண்டு சிநேகிதர்கள். சைக்கிள் கடை முகம்மது ஹுசைன், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தேவசுந்தரம். மாதம் ஒரு ஞாயிறு மூவரும் கடலுக்குப் போய், கம்பியால் மீன் குத்தி வருவார்கள். அன்றைக்குக் கடலில் கடும் பனி. ஒரு தோணியை வாடகைக்குப் பிடித்துத் தீவுப் பாறைப் பக்கம் போனார்களாம். மூன்று பேரும் முங்கியிருக்கிறார்கள், இரண்டு பேர்தான் மேலே வந்தார்கள். இரண்டு நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாம் என்று வீரபாண்டியின் அண்ணன் சொல்லிவிட்டார். இடையில் பொங்கல் வந்து போனது, அந்த வீட்டில் பானை ஏறவில்லை. நாளைக்குப் பதினாறு.

"எங்கண்ணன் கோடிச்சேலை எடுத்துட்டு வந்துட்டான்" என்றாள் பேச்சித்தாய். "காலையில எனக்குப் பூ வச்சு, வளையல் போட்டு, பிறகு எல்லாத்தையும் எடுத்துருவாங்க. செத்துட்டாருன்னா தாலியைக் கழத்துதேன் அண்ணாச்சி, அதுல எனக்குப் பிடிவாதம் கிடையாது. ஆனா தெரிஞ்சு கழத்தணும். தவறிப் போனாரா, இல்ல சாகணும்னே முங்குனாரா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"சாகணும்னு முங்குததுக்கு என்ன இருக்கு?"

அவள் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"சமீபத்துல அவன்கிட்ட ஏதாவது மாற்றம்?"

"காஜா எடுக்கதை விட்டுட்டாரு. ஆறு மாசமா கைத்தையல் பூரா வெளியில குடுத்து வாங்கினாரு. மிஷின் மட்டும்தான் மிதிச்சாரு."

அண்ணாச்சி தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி அவளை அனுப்பினார். அவள் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீ போட்டிருக்க சட்டை யாரு தச்சதுலே?"

"வீரபாண்டிதான். தீபாவளிக்கு."

"காலருக்கு அடியில என்ன கறை?"

"ரத்தம் அண்ணாச்சி. நாலு தடவை துவைச்சும் போகல. தைக்கும்போதே கொலை நடந்திருக்குன்னு நெனைக்கேன்."

"ஊசி குத்துனா டெய்லர் என்ன செய்வான்?"

"ஆத்தாடின்னு கையை உதறுவான். விரலை வாயில வைப்பான்."

"துணியை?"

"துணியைத்தான் முதல்ல தள்ளி வைப்பான். அடுத்தவன் துணியில்லா."

"இவன் தள்ளலையே" என்றபடி அண்ணாச்சி குடையை எடுத்தார். "வா, சைக்கிள் கடைக்குப் போவோம்."

வெயிலில் நடந்தோம். ஞாயிறு மதியம் எங்கள் ஊர் ரத வீதிகளைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே மனசு என்னவோ செய்யும். பாதிக் கடை அடைத்திருக்கும், தறிச் சத்தமும் குறைந்திருக்கும். கல்யாணமாகாதவன் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றுகிற நேரம் அது.

ஹுசைன் பாய் கடை திறந்திருந்தது. ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் கம்பவுண்டர் தேவசுந்தரம் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், ஆனால் படிக்கவில்லை. மூன்றாவதாக ஒரு ஸ்டூல் இருந்தது. நான் அதில் உட்காரப் போனதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

"மீன் குத்துத கம்பி எல்லாம் இங்கனதான் செய்வீயளோ பாய்?" என்று சாதாரணமாக ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. குடைக்கம்பியைத் தீட்டி, சைக்கிள் டியூப்பை இழுத்துக் கட்டுனா போதும். வில்லு மாதிரிப் பாயும். ரப்பர் நம்ம கடைச் சரக்கு, தையல் வீரபாண்டியோடது."

"கம்பவுண்டரோடது?"

"காயத்துக்கு மருந்து" என்றேன் நான். தேவசுந்தரம் சிரிக்கவில்லை.

"வீரபாண்டி போன அன்னைக்குத் தோணி யாருது?"

"வேம்பார் ஆளு" என்றார் தேவசுந்தரம். "மிக்கேல்னு பேரு."

"எத்தனை மணிக்குத் தள்ளுனீய?"

"காலையில ஆறு, ஆறரை இருக்கும்."

"மிக்கேல்தான் தள்ளிக்கிட்டு வந்தாரா?"

"அவரும் அவரு மகனும்."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட பையன் ஒப்பிப்பது மாதிரி வந்தது. அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், வெள்ளிக்கிழமை மத்தியானம் நீரு கடையை என்ன செய்வீரு?"

"அடைச்சுட்டுப் பள்ளிவாசலுக்குப் போவேன்."

"நூறு சைக்கிள் வந்து நின்னாலும்?"

"நின்னாலும்தான்."

"நான் வேம்பார்ல ஆறு வருசம் தபால் குடுத்தவன். ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவு, அந்தக் கடலுக்கும் லீவு. ஊரு பூரா காலையில பூசைக்குப் போயிரும். தோணி எல்லாம் மணல்ல வரிசையா ஏறிக் கெடக்கும். மீனு கரைக்கு வந்து கூப்பிட்டாலும் ஒரு ஆளு தோணியைத் தொட மாட்டான். வாடகைக்கு எங்க, சும்மா கூடத் தள்ள மாட்டான்." அண்ணாச்சி தேவசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். "சர்ச்சுக்கு மட்டம் போட்டுட்டு மீன் குத்தப் போனவரு நீரு. எல்லாரும் உம்மை மாதிரின்னு நெனச்சுட்டீரே வே!"

சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹுசைன் பாய் கையை வைத்து அதை நிறுத்தினார்.

"தோணி கிடையாது" என்றார் அண்ணாச்சி. "தோணி இல்லைன்னா தீவு இல்ல. தீவு இல்லைன்னா சாவும் இல்ல. கரையோரம் செத்திருந்தா மறுநாளே உடம்பு ஒதுங்கியிருக்கும், அதுக்குத்தான் தோணியைச் சேத்தீய. ஆளு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நடந்தே போயிருக்கான். அவனுக்கு விரல்ல உணர்ச்சி போயி எத்தனை மாசம் ஆச்சு கம்பவுண்டரே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னையறியாமல் என் காலரைத் தொட்டுப் பார்த்தேன்.

"சொல்லிரும் வே" என்றார் ஹுசைன் பாய். "பதினஞ்சு நாளாச் சோறு எறங்கல எனக்கு. பேச்சித்தாய் முகத்துல முழிக்க முடியல."

தேவசுந்தரம் பேப்பரை மடித்தார். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"அன்னைக்குப் பனி அப்படி இருந்துது அண்ணாச்சி. கரையில நின்னா கடல் தெரியல, சத்தம்தான் கேக்கு. திரும்பிருவோம்னேன். அவன் கேக்கல. பாறை பாறையா மிதிச்சு இடுப்புத் தண்ணிக்குப் போயிட்டான். ஆளே மறைஞ்சுட்டான். 'வீரபாண்டி'ன்னு கத்துவோம், 'ஓய்'னு பதில் வரும். அதை வச்சுத்தான் ஆள் இருக்கான்னு தெரியும். கொஞ்ச நேரத்துல அந்தப் பதிலும் நின்னு போச்சு. எங்களுக்கு உசிரே இல்ல. அப்புறம் பாத்தா, பனியை விலக்கிக்கிட்டு வாரான். கம்பியில ரெண்டு ஓரா மீனு. ஒரே சிரிப்பு. பின்னால மணல்ல அவன் நடந்த தடம் பூரா ரத்தம்."

"கடல்ல பாறையை ஒட்டி முள்ளு உருண்டை ஒண்ணு இருக்கும்" என்றார் பாய். "மிதிச்சா உசிர் போயிரும். கத்துத கத்து அடுத்த ஊருக்குக் கேக்கும்."

"உள்ளங்கால்ல முப்பது முள்ளாவது இருக்கும். ஒடிஞ்சு உள்ள நிக்கு. அவன் மீனைத் தூக்கிக் காட்டுதான். நான் பதினெட்டு வருசமா கம்பவுண்டரு, எனக்குச் சொல்லவா வேணும்? அவன் காலைப் பாத்துட்டு மூஞ்சியைப் பாத்தேன். அவனுக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு."

"பெருவியாதி" என்றார் அண்ணாச்சி மெதுவாக.

"ஆமா, குஷ்டம். மாத்திரை இருக்கு, ரெண்டு மூணு வருசம் ஒழுங்காச் சாப்பிட்டா சரியாயிரும்னேன். 'ஊருக்கு மாத்திரை இருக்கா வே'ன்னு கேட்டான். அவன் தங்கச்சிக்கு மாசியில கல்யாணம், ராயகிரி மாப்பிள்ளை. 'நான் செத்தா கல்யாணம் தள்ளிப் போகும், இது தெரிஞ்சா கல்யாணமே நின்னு போகும்'னான். அந்தப் பனிக்குள்ள உக்காந்து அவனே எல்லாத்தையும் சொன்னான். நாங்க ரெண்டு பேரும் மடையன்க மாதிரித் தலையாட்டுனோம். என் மாத்து வேட்டி சட்டையைக் குடுத்து, அன்னைக்கே மதுரைக்கு அங்கிட்டு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில கொண்டு சேத்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி வழக்கப்படி முகவரியைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். 'சேர்த்துக்கொண்டார்கள். கால் புண் ஆறுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறேன். யாரும் வர வேண்டாம்.' கையெழுத்துப் போடவில்லை.

"பொண்டாட்டிகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"அதைத்தான் நானும் கேட்டேன். அதுவரைக்கும் அழாதவன் அப்பத்தான் அழுதான்" என்றார் தேவசுந்தரம். "'அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. என் தட்டையும் டம்ளரையும் தனியா எடுத்து வச்சுட்டா. போன்னு அவ வாயால சொல்லுததுக்கு முன்னால நானே போயிருதேன்'னான். அதுக்கு மேல நாங்க என்ன சொல்ல?"

நானும் அண்ணாச்சியும் மாடியறைக்குத் திரும்பினோம். ஒரு வழக்கு முடிந்தால் நான் வழியெல்லாம் சினிமா வசனம் பேசிக்கொண்டு வருவேன். அன்றைக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. காலையில் அவள் ஏன் அப்படிக் கேட்டாள், பதில் சொல்லாமல் ஏன் சட்டையை மடித்தாள் என்பதெல்லாம் இப்போது புரிந்தது. ஒரு தட்டைத் தனியாக வைத்ததற்குப் புருஷன் கடலில் விழுந்துவிட்டானோ என்று பதினைந்து நாளாக ஒருத்தி தன்னந்தனியாக வெந்துகொண்டிருந்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு வந்தாள். அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை.

"உயிரோட இருக்காம்மா."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி கார்டைக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். தட்டு விஷயத்தையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வந்த கடிதத்தை ஒளித்து வைப்பது அவருக்குப் பழக்கமில்லை.

பேச்சித்தாய் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவரு முதுகுல ஒரு வெள்ளத் தேமல் மாதிரி இருந்துது அண்ணாச்சி. அவருக்கு அது தெரியாது, முதுகுதானே. தண்ணி ஊத்தும்போது நான் பாத்தேன். எங்க ஊர்ல ஒரு ஆளுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது, அதனால எனக்குத் தெரியும். பயந்துட்டேன். கேட்டா அவரு நொறுங்கிருவாருன்னு கேக்கல. ஆனா தட்டைத் தனியா வச்சேன், நெசந்தான். ரெண்டு நாள். ரெண்டே நாள்தான். மூணாம் நாள், சீ, இது என்ன பிழைப்புன்னு எல்லாத்தையும் எடுத்து ஒண்ணாக் கழுவி வச்சுட்டேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு அந்த ரெண்டு நாளை மட்டும் பாத்திருக்காரு."

அவன் விரலை மறைத்திருக்கிறான், இவள் முதுகை மறைத்திருக்கிறாள். ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே விஷயத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். இதை எந்தத் துப்பறியும் மூளையால் சரிபண்ண முடியும்?

"நான் வந்து அவன் அண்ணன்கிட்டப் பேசுதேன்" என்றார் அண்ணாச்சி. "நாளைக்குக் காரியத்தை நிறுத்திருவோம்."

"என்னன்னு சொல்லி நிறுத்துவீய? உயிரோட இருக்காருன்னா எங்கன்னு கேப்பாங்க. எங்கன்னு சொன்னா அந்தப் பிள்ளை கல்யாணம் போச்சு. அவரு இவ்வளவு பட்டதும் வீணாப் போவும்."

"அப்போ நாளைக்கு எல்லாரு முன்னாலயும் உக்காந்து தாலியைக் கழத்தப் போறியா?"

"மாட்டேன். அவரு இருக்காருன்னு தெரிஞ்ச பிறகு கழத்தவே மாட்டேன்."

"பிறகு?"

அவள் எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலரைக்கு ஒரு பஸ் இருக்குல்லா. ஏறிருதேன்."

"பைத்தியக்காரி! ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? புருசன் செத்துப் பதினாறுகூட ஆகல, எவன்கூடவோ ஓடிட்டாம்பாங்க" என்று நான் கத்தினேன்.

"சொல்லட்டும். நான் வேற வீட்டுல இருந்து வந்தவதானே. என் பேரு கெட்டா என்னோட போவும். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது." அண்ணாச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வராதீய. யாராவது பாத்தா உங்க தலையும் உருளும். யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னுருங்க."

அண்ணாச்சி கார்டின் மூலையில் ஆஸ்பத்திரி முகவரி மங்கியிருந்த இடத்தைத் தன் பேனாவால் திருத்தி எழுதிக் கொடுத்தார். எந்த ஊரில் இறங்கி எந்தப் பஸ் மாறவேண்டும் என்றும் எழுதினார். அவள் போன பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நாலரை தாண்டியும் அங்கேயே நின்றார். இந்த மனிதரையும் தேடிக்கொண்டு யாராவது பஸ் ஏறி வரமாட்டார்களா என்று எனக்கு இருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் அதே பேச்சுதான். பந்தல் போட்டாயிற்று, ஐயர் வந்தாயிற்று, பெண்டாட்டியைக் காணோம். அவள் அண்ணன்காரன் கோடிச்சேலையைத் தெருவில் வீசியெறிந்தானாம். ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் அவள் நடையைப் பற்றிச் சொன்னான், இன்னொருவன் வீரபாண்டி கடலில் விழுந்ததே இவளால்தான் என்றான். ஹுசைன் பாய் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"ஏலே மூக்காண்டி" என்றார் டீக்கடைக்காரர், கண்ணைச் சிமிட்டியபடி. "நேத்து உங்க ஆபீசுக்கு அவ ரெண்டு தடவை வந்தாளாமே. உனக்குத் தெரியாமலா இருக்கும்? யாருகூடலே போனா?"

கடையே என்னைப் பார்த்தது. நான் ஏதாவது சொல்வேன், சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணாச்சி தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றேன்.